போர்டிகோ தளம் இறங்கினால் மேலே பூசாதீர்கள்

கார் நிறுத்தும் போர்டிகோ, 10க்கு 12 அடி. தரைத்தளத்தின் சுவரோர மூலை 2 அங்குலம் இறங்கி, மழைத்தண்ணீர் வாசல்படி ஓரம் தேங்கியது. பள்ளத்தில் கலவை போட்டு மட்டம் கட்டிவிடலாம் என்றார் கொத்தனார். கட்டினோம். ஒரே மழைக்காலம்தான், மூலை மறுபடி இறங்கிவிட்டது. கலவை மெலிந்து முடிந்த விளிம்பு, டயர் ஏறி ஏறிச் செதில் செதிலாகப் பெயர்ந்தது. 2 அங்குலக் கலவை சதுர அடிக்கு ஏறக்குறைய 10 கிலோ. ஏற்கெனவே இறங்கும் மண்மேல் அந்தப் பாரத்தையும் ஏற்றியதுதான் மிச்சம். சிமென்ட்டும் கூலியும் வீண்.

முறையைத் தேர்வதற்கு முன் இரண்டு சோதனை செய்யுங்கள். தளத்தைக் கம்பியால் அடிக்கு ஓர் இடம் தட்டுங்கள். 'ணங்' என்றால் கீழே மண் இருக்கிறது, 'டொப்' என்றால் வெற்றிடம். அடுத்து, மாடி மழைநீர்க் குழாயில் 10 வாளி ஊற்றி, கீழே சேம்பருக்கு (குழாய் போய்ச் சேரும் தொட்டி) எத்தனை வாளி வருகிறது என்று பாருங்கள். எங்களுக்குப் பாதிகூட வரவில்லை. தளத்துக்கு அடியில் எல்போ ஜாயின்ட் (குழாய் வளையும் இணைப்பு) விட்டிருந்தது. அஸ்திவாரக் குழியைத் திமிசு போடாமல் (இடித்து இறுக்காமல்) இடிபாட்டால் மூடியிருந்ததால், ஒழுகிய தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டே போயிருக்கிறது. ஒழுக்கை அடைக்காமல் எந்த முறையும் நிற்காது.

துளையிட்டு சிமென்ட் குழம்பையோ பாலியூரித்தேன் நுரையையோ செலுத்தித் தூக்குவது, தளம் ஒரே பலகையாக விரிசலின்றி இருந்தால் நல்ல வழி. குழம்புக்கு ஒன்றரை, இரண்டு அங்குலத் துளை வேண்டும். நுரைக்கு அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் போதும், எடையும் மிகக் குறைவு. ஒரே துளையில் முழு உயரத்தையும் தூக்கக்கூடாது, பலகை பிளந்துவிடும். எல்லாத் துளைகளிலும் கொஞ்சம் கொஞ்சமாக, சுற்றிச் சுற்றி வரவேண்டும். அருகில் சேம்பரோ உடைந்த குழாயோ இருந்தால் குழம்பு உள்ளே புகுந்து இறுகிக்கொள்ளும், ஜாக்கிரதை.

எங்கள் தளம் நான்கு துண்டாகியிருந்தது. உடைப்பதைத் தவிர வழியில்லை.

தோண்டிய களிமண்ணையும் செங்கல் துண்டையும் திரும்பப் போட விடாதீர்கள். ஆட்கள் அதைத்தான் முதலில் தள்ளுவார்கள். கிரஷர் டஸ்ட்டை (ஜல்லி உடைக்கும்போது வரும் கல்தூள்) 6 அங்குல அடுக்காகக் கொட்டி, நனைத்து, ஒவ்வோர் அடுக்குக்கும் திமிசு போடவேண்டும். மேலே 4 அங்குலக் கான்கிரீட், 1:2:4 கலவை (சிமென்ட், மணல், ஜல்லி), முக்கால் அங்குல ஜல்லி. மொத்தம் 40 கன அடி. சிமென்ட் 7 முதல் 8 மூட்டை. சுவருக்கும் தளத்துக்கும் நடுவே அரை அங்குலம் தெர்மாகோல் வையுங்கள். இல்லாவிட்டால் தளம் சுவரைப் பிடித்துத் தொங்கி, அங்கேயே வெடிக்கும். தண்ணீர் வடிய வாட்டம் 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலம், டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய டியூபால் மட்டம் பார்ப்பது) பிடித்து.

பத்து நாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம், மூன்று வாரம் கழித்தே கார் ஏறியது. ஐப்பசி, கார்த்திகை அடைமழை முடிந்து டியூப் பிடித்துப் பார்த்தோம். அந்த மூலை ஒரு நூல்கூட இறங்கவில்லை.