பட்டமே கட்டலையே!

மீனாட்சி திருக்கல்யாணத்தன்று அத்தை வீட்டில் சாப்பாடு. புது மஞ்சள் கயிறு மாற்றிய கையோடு அத்தை, 28 வயது மகளிடம், "ஆத்தாளுக்கு வருசா வருசம் கல்யாணம் நடக்குது, உனக்கு எப்போ?" என்றார்.

அவள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "சித்திரைத் திருவிழாவுல ஆத்தாளுக்கே எட்டாம் நாள் பட்டாபிஷேகம், ஒன்பதாம் நாள் திக்விஜயம், பத்தாம் நாள்தானேம்மா கல்யாணம்? நான் இன்னும் பட்டமே கட்டலையே" என்றாள். (ஆபீசில் புரமோஷன் தள்ளிப்போன கடுப்பு வேறு.)

அப்பத்தாவுக்கு ஆறு பிள்ளைகள். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைதான் என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. சும்மா இருக்காமல் அதை எடுத்துவிட்டேன்.

"சரி, முதல்ல அந்த ஒன்னப் பெறட்டும். புள்ளி எட்ட அப்புறம் பாப்போம்" என்றார் அப்பத்தா.

மாமா மட்டும் வாயே திறக்கவில்லை. போன தேர்தலில் அவர் சொன்ன சின்னத்துக்கு மகள் ஓட்டுப் போடவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.