ஜிமேட் நாட்குறிப்பு: எந்தப் பகுதிக்கு எவ்வளவு நேரம்

2025 ஜனவரி 6, திங்கள்

மேலாண்மைப் படிப்பில் சேர எழுதும் ஜிமேட் தேர்வுக்கு முதல் மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) எழுதி முடித்தேன். குவான்ட் (கணிதம்) 84, வெர்பல் (ஆங்கில வாசிப்பும் வாதமும்) 80, டேட்டா இன்சைட்ஸ் (தரவுகளை அலசுவது) 73. மொத்தம் 585.

படிக்கக் கிடைப்பது வேலை முடிந்த பிறகான மாலைகளும் வார இறுதிகளும்தான். அதை மூன்றாகப் பிரித்துச் சமமாகக் கொடுத்தால் எதுவும் பெரிதாக நகராது. எதை முன்னால் வைப்பது, எதைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும் என்று இந்த வாரமே முடிவு செய்தாக வேண்டும்.

ஜனவரி 8, புதன்

பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒவ்வொரு பகுதிக்கும் 60 முதல் 90 வரை மதிப்பெண், மொத்தம் 205 முதல் 805 வரை. மூன்று பகுதிகளுக்கும் ஒரே எடை. மூன்று முப்பது, ஆக 90 படிகள். அவைதான் மொத்தத்தில் 600 புள்ளிகளாக விரிகின்றன. எந்தப் பகுதியில் ஒரு புள்ளி ஏறினாலும் மொத்தத்தில் ஏறக்குறைய ஆறேழு கூடும்.

குவான்ட் 84 என்பது 87 ஆனாலும், டேட்டா இன்சைட்ஸ் 73 என்பது 76 ஆனாலும் மொத்தத்துக்கு ஒன்றுதான். பிடிக்கும் உழைப்புதான் வேறு. 84-க்கு மேலே போக வேண்டுமென்றால் கடினமான கேள்விகளிலும் கை நழுவக் கூடாது. 73-இல் நிற்பவருக்குக் கேள்வி வகைகள் பழகினாலே சில புள்ளிகள் வந்துவிடும். போதாக்குறைக்கு, டேட்டா இன்சைட்ஸில் உயர்ந்த மதிப்பெண் எடுப்பவர்கள் குறைவு. அதே 84-ஐ அங்கே எடுத்தால் பர்சென்டைல் (எத்தனை சதவீதம் பேரைவிட மேலே என்ற கணக்கு) குவான்ட்டில் கிடைப்பதைவிட மேலே நிற்கும்.

முன்பு எழுதிய நண்பர்கள் "குவான்ட்டையும் வெர்பலையும் பிடி, மற்றதைக் கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்" என்கிறார்கள். அவர்கள் எழுதிய தேர்வுக்கு அது சரியான யோசனை. அப்போது 800-க்கான மதிப்பெண் அந்த இரண்டிலிருந்து மட்டுமே வந்தது, இன்டகிரேட்டட் ரீசனிங் என்ற தரவுப் பகுதி தனியாக நின்றது. 2023 நவம்பரில் வந்த புது வடிவத்தில் கட்டுரை இல்லை, வாக்கியத் திருத்தம் இல்லை, வடிவியல் இல்லை. தந்த தகவல் விடைக்குப் போதுமா என்று கேட்கும் டேட்டா சஃபிஷியன்சி, குவான்ட்டை விட்டு டேட்டா இன்சைட்ஸுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. இப்போது எழுதுகிறவர்கள் பழைய திட்டத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன்.

ஜனவரி 12, ஞாயிறு

முடிவு இதுதான்: பாதி நேரம் டேட்டா இன்சைட்ஸுக்கு, மிச்சத்தில் பெரும்பகுதி வெர்பலுக்கு. குவான்ட்டுக்கு வாரம் ஒருமுறை நேரம் வைத்துப் போடும் ஒரு செட்.

ஆனால் "டேட்டா இன்சைட்ஸ் படிக்கிறேன்" என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தால் வேலைக்கு ஆகாது. உள்ளே ஐந்து வகைகள். மாக் டெஸ்டில் விட்டவற்றை வகைவாரியாகப் பிரித்தபோது டேட்டா சஃபிஷியன்சியும், பல மூலங்களைச் சேர்த்துப் படித்து விடை தேடும் மல்டி சோர்ஸ் ரீசனிங்கும்தான் அதிகம். வரைபடக் கேள்விகளில் சிக்கல் இல்லை. ஆக, முதலில் டேட்டா சஃபிஷியன்சி.

இன்று போட்டதில் ஒன்று: ஒரு முழு எண் ஒற்றைப்படையா? முதல் கூற்று, அதன் மூன்று மடங்கு இரட்டைப்படை. இரண்டாவது, அந்த எண்ணையும் அதன் வர்க்கத்தையும் கூட்டினால் இரட்டைப்படை. முதல் கூற்றிலிருந்து எண் இரட்டைப்படை என்று தெரிந்துவிடுகிறது. கேட்ட கேள்விக்குப் பதில் "இல்லை". அந்த "இல்லை" உறுதியானது, அதனால் முதல் கூற்று மட்டுமே போதும். இரண்டாவது எந்த முழு எண்ணுக்கும் பொருந்தும்; அடுத்தடுத்த இரண்டு எண்களைப் பெருக்கியது போலத்தான் அது. அதிலிருந்து ஒன்றும் தெரியாது. இங்கே கணக்கு என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. தகவல் போதுமா போதாதா என்று தீர்மானித்த உடனே நகரும் பழக்கம்தான் வேண்டும், அதற்குத் தினமும் கொஞ்சமாவது போட வேண்டும்.

ஜனவரி 19, ஞாயிறு

வெர்பலில் இப்போது ரீடிங் காம்ப்ரிஹென்ஷனும் (பத்தி வாசிப்பு) கிரிட்டிகல் ரீசனிங்கும் (வாதங்களை அலசுவது) மட்டுமே. பத்திகளைப் படித்துப் புரிந்துகொள்வதில் கவலை இல்லை. கிரிட்டிகல் ரீசனிங்கில் வாதம் எதைச் சொல்லாமலேயே நம்பியிருக்கிறது என்று கேட்கும் கேள்விகளை மட்டும் தனியாக எடுத்துவைத்திருக்கிறேன். அவற்றை அடுத்த மாதம் பார்க்கலாம்.

ஜனவரி 27, திங்கள்

இந்த வாரம் முழுக்க மல்டி சோர்ஸ் ரீசனிங். டேட்டா இன்சைட்ஸ் பகுதி முழுவதிலும் 20 கேள்விகளுக்கு 45 நிமிடம் என்றால் ஒன்றுக்கு இரண்டே கால் நிமிடம். திரையில் இரண்டு மூன்று தாவல்களில் (டேப்) மின்னஞ்சல், அட்டவணை, குறிப்பு என்று விரியும் தொகுப்பைப் படிக்கவே அது போய்விடும். ஆனால் ஒரே தொகுப்பின் மேல் பல கேள்விகள் வருவதால், முதல் கேள்வியில் கூடுதலாகச் செலவழித்த நேரத்தை அடுத்தவற்றில் திரும்ப எடுக்கலாம். எந்தத் தாவலில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரே வரியில் எழுதிக்கொள்கிறேன். அது நன்றாக உதவுகிறது.

மூன்று கூற்றுகளுக்கு ஆம், இல்லை என்று குறிக்கும் கேள்விகளில் மூன்றும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண், இரண்டு சரிக்குப் பாதி கிடையாது. மூன்றாவது கூற்று இழுத்தடித்தால் ஒரு ஊகத்தைக் குறித்துவிட்டு, புக்மார்க் போட்டு நகர்ந்துவிடுகிறேன். நேரம் மிச்சமிருந்தால் கடைசியில் திரும்பி வரலாம், பகுதிக்கு மூன்று விடைகள் வரை மாற்றலாம். முடிக்காமல் விட்டால் மதிப்பெண் குறையும் என்பதால், கடைசிக் கேள்வி வரை போய்ச் சேர்வதுதான் முதல் வேலை.

பிப்ரவரி 2, ஞாயிறு

மறுபடி ஒரு மாக் டெஸ்ட். குவான்ட் 84, வெர்பல் 80, டேட்டா இன்சைட்ஸ் 78. மொத்தம் 615. குவான்ட்டைக் கிட்டத்தட்ட தொடாமலேயே அது அப்படியே நின்றதில் பெரிய நிம்மதி.

பகுதிகளை எந்த வரிசையிலும் எழுதலாம் என்பதால் இந்த முறை டேட்டா இன்சைட்ஸை முதலில் வைத்தேன். தலை தெளிவாக இருக்கும்போது அத்தனை அட்டவணைகளையும் படிப்பது எளிதாக இருந்தது. தேர்வன்றும் இதே வரிசைதான். அப்புறம் வெர்பல், பத்து நிமிட இடைவேளை, கடைசியில் குவான்ட்.

இனி பங்கை மாற்ற வேண்டும். நாளை முதல் பாதி நேரம் கிரிட்டிகல் ரீசனிங்குக்கு. டேட்டா இன்சைட்ஸில் டூ பார்ட் அனாலிசிஸ் (ஒரே கேள்விக்கு இரண்டு விடைகள் தேர்ந்தெடுக்கும் வகை) மட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள்.