கொன்பிரா மலையில் ஒரு பிரார்த்தனை

ஜப்பானின் ஒகயாமாவிலிருந்து கொத்தோஹிராவுக்குப் போகும் ரயில், செத்தோ பெரும்பாலத்தில் ஏறிக் கடலைக் கடக்கிறது. கீழே சின்னச் சின்னத் தீவுகள், நடுவே மீன்பிடிப் படகுகள். 1945 மார்ச் கடைசியிலிருந்து போர் முடியும்வரை அமெரிக்க பி-29 விமானங்கள் ஜப்பானைச் சுற்றிப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணிவெடிகளைப் போட்டன. இந்தக் கடலுக்குள்ளும் ஏராளம் விழுந்தன. அது தெரிந்த பிறகு தண்ணீரை வெறும் அழகாக மட்டும் பார்க்க முடியவில்லை.

கொத்தோஹிராவுக்கு நான் போனது கொன்பிரா சுவாமியைத் தரிசிக்க. ஜப்பானியக் கடலோடிகளின் காவல் தெய்வம் அவர். கங்கையின் முதலைத் தெய்வமான கும்பீரர்தான் பௌத்தத்தோடு இங்கே வந்து கொன்பிரா ஆனார் என்கிறார்கள். கோயில் இருக்கும் மலைக்கு யானைத்தலை மலை என்று பெயர். நமக்கு வேறென்ன வேண்டும்? பிள்ளையாரை நினைத்துக்கொண்டு முதல் படியில் கால் வைத்தேன்.

மூலக்கோயிலுக்கு 785 படிகள். கீழ்ப்பகுதியில் இரண்டு பக்கமும் கடைகள், மேலே போகப் போக மரநிழல். சன்னிதியில் கை கழுவி, இரண்டு முறை வணங்கி, இரண்டு முறை கை தட்டி, மறுபடியும் ஒருமுறை வணங்கினேன். பக்கத்து மண்டபம் முழுக்கக் கப்பல் படங்கள், கடலுக்குப் போனவர்களுக்காக நேர்ந்துகொண்டவை. அங்கிருந்து நகர மனமே வரவில்லை.

ஆனால் நான் தேடி வந்தது இன்னொன்றும் உண்டு. இந்தக் கோயில் வளாகத்தில்தான் கண்ணிவெடி அகற்றும் பணியில் உயிர்விட்ட 79 பேருக்கு நினைவுக்கல் இருக்கிறது. 1952-இல் வைத்தது. அதிலுள்ள எழுத்து அன்றைய பிரதமர் யோஷிதாவுடையது.

போர் முடிந்தும் கடலில் வெடிகள் அப்படியே கிடந்தன. இரும்பின் காந்தத்துக்கே வெடிப்பவை இருந்ததால் மரப்படகுகளில் போய்த்தான் அகற்ற வேண்டும். சில வெடிகள் முதலில் போகும் கப்பல்களை விட்டுவிட்டு, எண்ணி வைத்து, அடுத்து வருவதற்கு வெடிக்கும். அதனால் பிரதட்சிணம் வருவதுபோல ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றும் கடைசிச் சுற்றாக இருக்கலாம் என்று தெரிந்தேதான் அவர்கள் போயிருக்கிறார்கள்.

அந்த 79 பேரில் ஒருவர் இறந்தது ஜப்பானில் அல்ல. 1950 அக்டோபரில், கொரியப் போரின் நடுவே, அமெரிக்கர்கள் கேட்டுக்கொண்டதால் ஜப்பானியக் கண்ணிவெடி அகற்றும் படகுகள் ரகசியமாக இன்றைய வட கொரியாவிலுள்ள வொன்சான் துறைமுகத்துக்கு அனுப்பப்பட்டன. 17-ஆம் தேதி எம்.எஸ். 14 என்ற படகு வெடியில் சிக்கி மூழ்கியது. அதிலிருந்த சமையல்காரர் இறந்தார். வயது 21. இனிப் போரில்லை என்று அரசியலமைப்பில் எழுதிவைத்த நாடு, போர்க்கடலுக்கு ஆள் அனுப்பியதை வெளியே சொல்ல முடியுமா? உள்நாட்டுக் கடலில் வேலை பார்க்கும்போது இறந்ததாகச் சொல்லுங்கள் என்று குடும்பத்தாரிடம் கேட்டுக்கொண்டார்களாம். பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன், அவன் எங்கே இறந்தான் என்பதைக்கூட ஊராரிடம் மறைக்க வேண்டியிருந்தது. இதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

நம் கோயிலில் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் சொல்வோம். அந்தச் சமையல்காரருடைய நட்சத்திரம் எனக்கு எங்கே தெரியும்? பெயரை மட்டும் சொல்லி, கண்ணை மூடி நின்றேன். என்னுடன் வந்தவர்கள் 79 பேருக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டார்கள். கடற்படையினர் ஆண்டுதோறும் மே மாதத்தில் இங்கே நினைவு வழிபாடு நடத்துகிறார்கள்.

உள்சன்னிதி இன்னும் மேலே, மொத்தம் 1,368 படிகள். போகிறவர்கள் காலையிலேயே ஏறத் தொடங்குங்கள், தண்ணீர் கையில் இருக்கட்டும். அப்புறம், மூலக்கோயிலோடு திரும்பிவிடாமல், கண்ணிவெடி நினைவுக்கல் எங்கே என்று கேட்டு அங்கேயும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.