பெயர் தெரியாதவருக்கு ஓர் அர்ச்சனை

2009-இன் தொடக்கத்தில், வன்னிக்குள் இடம் மாறி இடம் மாறி ஓடிக்கொண்டிருந்த நாட்களில், என் மனைவி முருகனுக்கு நேர்த்தி வைத்தாள். பிள்ளைகள் இருவரும் தப்பினால் பால்குடம். மே மாதம் முள்ளிவாய்க்காலில் செல் விழுந்து மகன் போய்விட்டான். மகள் தப்பினாள். பாதி தந்தவருக்கு முழு நேர்த்தி எதற்கு என்று நான் வெகுகாலம் மறுத்தேன். “தந்த பிள்ளைக்காவது செய்ய வேணும்” என்று அவள் விடவில்லை. முழங்கால் நோவால் அவளுக்குப் பயணம் முடியாது. பினாங்கில் வேலை செய்யும் மகள் இந்தத் தைப்பூசத்துக்குக் குடம் எடுத்தாள். துணைக்கு நான் போனேன்.

பூசத்துக்கு முதல் நாள் நகரத்தாரின் வெள்ளி ரதம் ஜார்ஜ்டவுனிலிருந்து புறப்படுகிறது. 1894-ஆம் ஆண்டு ரதமாம். நல்லூர்த் தேர் பார்த்த கண்ணுக்குச் சின்னதுதான். ஆனால் வழியெல்லாம் குவித்துவைத்து உடைத்த தேங்காய்களை எந்த ஊரிலும் நான் கண்டதில்லை. சீனக் குடும்பங்களும் பிள்ளைகுட்டியோடு நின்று உடைக்கிறார்கள்.

தண்ணீர்மலைக்கு 513 படிகள். மேலே இப்போதிருக்கும் பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 2012-இல் குடமுழுக்கு நடந்தது. பந்தல்களில் அலறுகிற பாட்டு எனக்குப் பிடிக்கவில்லை, சாமி கும்பிட வந்த காதுக்கு அது ஆகாது. தண்ணீரும் மோரும் சோறும் மட்டும் கேட்காமலே கைக்கு வந்தன. ஒரு சீன அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலி இழுத்துப் போட்டு, “அங்கிள், மினும், மினும்” என்று குளிர்ந்த பானத்தைக் கையில் திணித்தார். மலாயில் குடிக்கச் சொல்கிறார் என்று மகள் சொன்னாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

பால் அபிஷேகத்துக்குக் கொடுத்தாயிற்று. அப்புறம், கூட்டம் கொஞ்சம் தணிந்ததும் நான் தனியாக ஓர் அர்ச்சனைத் தட்டு வாங்கினேன்.

“பேரு, நட்சத்திரம்?” என்றார் குருக்கள்.

“தெரியாது ஐயா.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். சுருக்கமாகச் சொன்னேன். மகனைச் சுற்றுவதற்கு அன்று எங்களிடம் ஒரு நல்ல துணி இருக்கவில்லை. பக்கத்துத் தறப்பாளில் இருந்த பெரியவர் தன் பையிலிருந்து மடிப்புக் கலையாத சிவப்புக் கரை வேட்டி ஒன்றை எடுத்து வந்தார். சட்டி பானையெல்லாம் வழியில் போட்டுவிட்டு ஓடிய காலத்தில் அதை மட்டும் எதற்காகக் காப்பாற்றி வைத்திருந்தாரோ. “இதை வச்சிருந்து நான் என்ன செய்யப் போறன், தம்பி” என்றார். மணலில் குழி வெட்டவும் நின்றார். செல் அடி கூடியதும் ஆளுக்கொரு பக்கம் சிதறிவிட்டோம். பெயர் கேட்கவில்லை.

“சுவாமி பேருக்கே செஞ்சிடுவோம்,” என்றார் குருக்கள். “யாருக்குன்னு அவருக்குத் தெரியும்.” அத்தனை அவசரத்திலும் மந்திரத்தை அவர் சுருக்கவில்லை.

இரவு மனைவிக்குப் போன் செய்தேன். குடத்தைப் பற்றி இரண்டு கேள்விதான் கேட்டாள். மிச்ச நேரமெல்லாம் அந்தப் பெரியவரைப் பற்றியே பேசினாள். வலைஞர்மடம் பக்கமிருந்து வந்ததாக அவர் சொன்னது அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது. உங்கள் வீட்டில் அப்பாவோ மாமாவோ முள்ளிவாய்க்காலில் ஒரு பிள்ளைக்கு வேட்டி கொடுத்ததாகச் சொல்லியிருந்தால், அவரிடம் இதைச் சொல்லுங்கள். ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்கிறாள்.