சட்டைப்பையில் வந்த அழைப்பு

களியக்காவிளையில் எங்கள் சபையில் என்னைப் பற்றி ஒரு சாட்சி உலவுகிறது. ஞாயிறு ஆராதனையின் நடுவே ஆண்டவருடைய அழைப்பைக் கேட்டு நான் சட்டென்று எழுந்து நின்றேனாம். அழைப்பு வந்தது உண்மைதான். ஆனால் அது சட்டைப்பையில் வந்தது.

போதகர் ஏசாயா ஆறாம் அதிகாரத்தில் இருந்தார். "யாரை நான் அனுப்புவேன், யார் நமது காரியமாய்ப் போவான்?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினார். அந்த அமைதியில்தான் என் கைபேசி நெஞ்சுக்கு மேல் வண்டுபோல் உறுமியது. நேந்திரன் குலை ஏற்றி வரும் லாரிக்காரர். மூன்று நாளாக நான் கூப்பிட்டு அவர் எடுக்கவில்லை. இப்போது விட்டால் கடையில் வெறும் கயிறுதான் தொங்கும். வெளியே போய்ப் பேசலாம் என்று எழுந்தேன். அவ்வளவுதான்.

"இதோ, ஒரு சகோதரர் எழுந்துவிட்டார்!" என்றார் போதகர். அவர் குரல் தழுதழுத்தது. சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. நான் பெண்கள் பக்கம் என் மனைவியைப் பார்த்தேன். உட்கார்ந்தால் வீட்டுக்கு வர வேண்டாம் என்றது அவள் முகம். வேதத்தில் ஆண்டவர் கூப்பிட்டதை ஆசாரியன் ஏலி கூப்பிட்டதாக நினைத்துச் சிறுவன் சாமுவேல் மூன்று முறை ஆள் மாறி ஓடினாலும், விஷயத்தை எடுத்துச் சொல்ல அவனுக்கு அந்த ஏலி இருந்தார். எனக்கு யார் இருந்தார்கள்?

கிடைத்த ஊழியம் பெரிதல்ல. வியாழன்தோறும் பாறசாலைப் பக்கம் ஒரு பாட்டிக்கு வேதம் வாசிக்க வேண்டும். பாட்டிக்குக் கண் மங்கிவிட்டது. பேரப்பிள்ளைகளுக்கு மலையாளம் மட்டும்தான் வாசிக்க வரும். பாட்டிக்கோ வசனம் தமிழில் காதில் விழுந்தால்தான் வசனம். 1956 நவம்பர் 1 அன்று எங்கள் விளவங்கோடு தாலுகா இந்தத் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது, அவர் வீடு அந்தக் கேரளப் பக்கம் நின்றது. "என் சின்ன வயதில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே மகாராஜா, மக்களே" என்பார். அவருக்கு எழுபது வயதுக்காரரும் மக்கள்தான்.

மூன்றாவது வியாழன், இயேசுவின் வம்ச வரலாறு வரும் மத்தேயு முதலாம் அதிகாரம் கேட்டார். எனக்கு 5.40 பஸ். இன்னார் இன்னாரைப் பெற்றான் என்று வேகமாக ஓட்டிக்கொண்டே போனவன், ஆசோரிலிருந்து ஒரே தாவலில் எலியூதுக்குப் போய்விட்டேன். யாருக்குத் தெரியப் போகிறது?

பாட்டியின் கட்டைவிரல் மற்ற விரல்களின் கோடுகள் மீது ஒவ்வொன்றாக நகர்ந்துகொண்டிருந்தது. ஜெபம் என்று நினைத்தேன். எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

"சாதோக்கும் ஆகீமும் எங்கே, மக்களே? பதினேழாம் வசனம் மூன்று வரிசைக்கும் பதினான்கு பதினான்கு தலைமுறை என்கிறது. கடைசி வரிசையில் நீ பதினொன்றுதான் வாசித்தாய்."

பஸ் போயிற்று. மரச்சீனிக் கிழங்கும் தேயிலைத் தண்ணீரும் வந்தன. திரும்ப வாசித்தேன், ஒரு பெயர் விடாமல். பாட்டியின் விரல் பதிமூன்றில் நின்றது. "இன்னும் ஒருவனை விழுங்கிவிட்டாய்." இல்லை பாட்டி, சத்தியமாக இல்லை. மூன்று முறை எண்ணினோம். சலாத்தியேலில் தொடங்கினால் பதிமூன்றுதான் வருகிறது. இரண்டாம் வரிசையின் கடைசியில் நிற்கும் எகொனியாவை மறுபடியும் மூன்றாம் வரிசையின் தலையில் நிறுத்தினால்தான் பதினான்கு. ஐம்பது வயதுவரை சபையில் உட்கார்ந்திருந்தும் இந்தக் கணக்கை நான் ஒரு நாளும் போட்டுப் பார்த்ததில்லை.

விட மனமில்லை. அந்த வாரம் கடையை அடைத்த பிறகு தினமும் வேதத்தோடு உட்கார்ந்தேன். மனைவி அதை மறுபிறப்பு என்று எடுத்துக்கொண்டாள். எனக்கு வேண்டியது வழக்குக்கு ஆதாரம். அதுவும் கிடைத்தது: முதலாம் நாளாகமம் மூன்றாம் அதிகாரத்தில் யோராமுக்குப் பிறகு அகசியா, யோவாஸ், அமத்சியா என்று மூன்று ராஜாக்கள் இருக்கிறார்கள். மத்தேயுவில் மூவரையும் காணோம். யோராமிலிருந்து நேராக உசியா!

அடுத்த வியாழன் அரை மணி நேரம் முன்னதாகவே போய்விட்டேன். "பாட்டி, நான் இரண்டு பேரைத்தான் விட்டேன். மத்தேயு மூன்று ராஜாக்களையே விட்டிருக்கிறார்" என்றேன்.

பாட்டி யோசித்தார். "அவருக்குப் பிடிக்க வேண்டிய பஸ் எதுவும் இல்லையே, மக்களே."

பிறகு அந்த மூன்றாம் அதிகாரத்தை முழுவதும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கட்டைவிரல் மறுபடியும் நகரத் தொடங்கியது. பாதியில் என் சட்டைப்பை உறுமியது. லாரிக்காரர்தான். கை தானாகப் போயிற்று.

"எடுத்துப் பேசு. ஆனால் உட்கார்ந்தே பேசு" என்றார் பாட்டி. "எழுந்து நின்றால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும்."