நவென்ச் முடிச்சு நான்காவது தடவையில் விழுந்தது

ஞாயிறு ராத்திரி பதினோரு மணிக்கு நான் வரைந்தது ஒருவழியாகத் துணி முடிச்சு மாதிரி தெரிந்தது. அதற்குள் மூன்று தாள் குப்பைக்குப் போயிருந்தது.

போலந்துப் பிரபுக்களின் குலச்சின்னங்களில் இந்த நவென்ச்தான் சுலபம் என்று நம்பி வரைய எடுத்தேன். சிவப்புக் கேடயம், நடுவே வட்டமாகச் சுற்றிக் கீழே முடிந்த வெள்ளைத் தலைத்துணி, அவ்வளவுதான். கழுகு, குதிரை என்று எந்தத் தொல்லையும் இல்லை. எழுத்தாளர் ஜோசப் கொன்ராடின் குடும்பத்துக்கும் இதே சின்னம். அங்கே ரத்த உறவே இல்லாத பல குடும்பங்கள் ஒரே சின்னத்தை வைத்துக்கொள்ளும். அதனால் முடிச்சையும் ஆளுக்கொரு விதமாக வரைந்து வைத்திருக்கிறார்கள்.

முதல் தாளில் எனக்கு முறுக்குதான் வந்தது. கைக்குட்டையை நாற்காலிக் கையில் கட்டி, பக்கத்தில் விளக்கை வைத்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது: எந்த முனை மேலே, எந்த முனை அடியில் என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். மடிப்புக் கோடுகள் முடிச்சிலிருந்து விரிய வேண்டும், மூன்று போதும். நான் பன்னிரண்டு போட்டிருந்தேன்!

இரண்டாவதில் சிவப்பின் மேல் வெள்ளை பூசினேன். போஸ்டர் கலர் ஈரம் பட்டதும் கரைந்து மேலே ஏறி, துணி ரோஸ் ஆகிவிட்டது. மூன்றாவதில் மறைப்புப் பசை: வெள்ளையாக விட வேண்டிய இடத்தில் பூசி, கடைசியில் உரித்தெடுப்பது. உரித்தபோது தாளின் தோலும் சேர்ந்து வந்தது. 300 ஜிஎஸ்எம் கெட்டித் தாள் என்று சொல்லி விற்ற கடைக்காரரை என்ன செய்வது? இனி அங்கே தாள் வாங்குவதில்லை. நான்காவதில் துணியைத் தாளின் வெள்ளையாகவே விட்டு, சிவப்பை ஜீரோ பிரஷ்ஷால் விளிம்புவரை கொண்டுவந்தேன். நிழலுக்கு நீர்த்த சாம்பல் நீலம். இரண்டரை மணி நேரம், கழுத்து வலி தனி.

அடுத்து வரையப்போகும் சின்னம் லெலீவா: நீலத்தில் தங்கப் பிறை, ஆறுமுனை நட்சத்திரம். 1413இல் ஹொரொட்வோ என்ற ஊரில் போலந்துக் குலங்கள் லிதுவேனியப் பிரபுக்களைத் தங்கள் சின்னங்களுக்குள் சேர்த்துக்கொண்டபோது அவர்களில் மன்விதாஸ் என்பவருக்குக் கிடைத்தது இதுதான். அப்புறம் போலந்து அரசர் சோபியெஸ்கியின் குடும்பச் சின்னமான யானினா. சிவப்பின் மேல் ஊதாக் கேடயம். அடர் நிறத்தின் மேல் அடர் நிறம் கூடாது என்ற குலச்சின்ன விதியையே மீறுகிறது. அது மங்காமல் வருமா என்று பார்க்க ஆசை.

சரி, நவென்ச்சே இன்னும் முடியவில்லை. கேடயத்தின் மேலுள்ள தலைக்கவசத்துக்கும் மேலே வரும் க்ளெய்னோட் என்ற உச்சி அலங்காரம் பாக்கி: இரண்டு மான் கொம்புகளுக்கு நடுவே சிவப்பு உடைப் பெண், தலையில் அதே துணி. முகம் பட்டாணி அளவு. அதிலும் ஒரு முடிச்சு.