ஃபேன் போடச் சொன்ன பெரியவர்

இப்போதும் என் பக்க நியாயம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. ஃபேன் ஓடினால் குரலோடு சேர்ந்து பதிவாகும். சட்டையில் குத்திய லேப்பல் மைக்கில் காற்று படபடவென்று அடிக்கும். ஒலிப்பதிவுக்கென்று கூலி வாங்குகிறவன் இதற்கு எப்படி ஒப்புக்கொள்வான்? பெரியவர் கேட்டார், நான் முடியாது என்றேன். நடந்தது இவ்வளவுதான்.

அவர் ஒரு பஞ்சாலையின் தறிக்கூடத்தில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். பெரம்பூரில் அவர் வீட்டிலேயே படத்துக்கான பேட்டியை எடுப்பதாகத்தான் முதலில் பேச்சு. போய்ப் பார்த்தோம். ஆடி மாதம், தெருமுனையில் கூழ் ஊற்றுகிறார்கள், கம்பத்துக்குக் கம்பம் ஸ்பீக்கர். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல்தான் என்று 2000ஆம் ஆண்டின் விதி சொல்கிறது. அதை அந்தத் தெருவில் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஸ்பீக்கர் ஓய்ந்தால் ரயில் ஹார்ன். அதுவும் ஓய்ந்தால், பழைய இரும்பு எடுக்கும் வண்டி ஒரே குரலைத் திரும்பத் திரும்பப் போட்டபடி வருகிறது. சத்தம் இருப்பதுகூடப் பெரிய சிக்கல் இல்லை, அது மாறிக்கொண்டே இருப்பதுதான் சிக்கல். பேச்சை நடுவில் வெட்டி ஒட்டினால் பின்னால் ஓடும் பாட்டும் துண்டாகிவிடும். பார்க்கிறவனுக்கு வெட்டு காதிலேயே தெரியும்.

அப்புறம் ஸ்டுடியோ தேடினோம். பாட்காஸ்ட் ஸ்டுடியோ என்று போர்டு போட்ட இடங்களில் பாதி, சுவரில் ஃபோம் ஒட்டிய படுக்கையறைகள். ஃபோம் அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைக்கும், வெளியே போகும் புல்லட் வண்டியின் சத்தத்தை அது நிறுத்தாது. அதற்குக் கனமான சுவர் வேண்டும், நடுவில் இடைவெளி விட்ட இரட்டைக் கதவு வேண்டும். ஆற்காடு சாலைப் பக்கம் ஒரு நல்ல இடம் இருந்தது, ஆனால் வாசலிலேயே மெட்ரோ வேலை. கடைசியில் சாலிகிராமத்தில் ஒரு சந்துக்குள் பழைய டப்பிங் தியேட்டர் கிடைத்தது. உள்ளே நின்று ஒரு தரம் கை தட்டினேன். தட்டிய ஓசை அங்கேயே செத்தது. அந்தச் சந்தோஷத்தைத் தொழிலில் இருப்பவர்களிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

பெரியவரை உட்கார வைத்து, ஏசியை நிறுத்திவிட்டு, இரண்டு கதவையும் சாத்தினோம். மூலையில் ஒரு பெடஸ்டல் ஃபேன் நின்றது.

“தம்பி, அந்த ஃபேன கொஞ்சம் போடேன்.”

“சத்தம் விழும் ஐயா. நடுநடுவுல ஏசி போட்டுக்கலாம்.”

“காத்துக்கு கேக்கல தம்பி.”

“ரோலிங்,” என்றேன்.

இது அப்படியே பதிவில் இருக்கிறது. அவர் சொன்னதற்கும் நான் ரோலிங் சொன்னதற்கும் நடுவில் ஒரு மூச்சு விடும் இடைவெளிகூட இல்லை. எத்தனை தரம் ஓட்டிப் பார்த்தாலும் அது நீளவில்லை. காற்றுக்கு இல்லையென்றால் வேறெதற்கு என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. வாடகை மணிக்கணக்கு. இயக்குநர் கேள்வித்தாளோடு தயாராக இருந்தார். அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன், சில நாள் நம்பவும் செய்கிறேன்.

பேட்டி நன்றாகவே போனது. கூடத்தில் வாயால் பேச்சே கிடையாது, கையும் உதடும்தான் என்று சொல்லி, “டீ சாப்பிடப் போலாமா” என்பதைச் சத்தமில்லாமல் உதட்டால் கேட்டுக் காட்டினார். எல்லோரும் சிரித்தோம். தறி இரைச்சலில் அத்தனை வருஷம் நின்ற காது என்ன ஆகியிருக்கும் என்று, காதை வைத்தே பிழைக்கிற எனக்கு அப்போதாவது பொறி தட்டியிருக்கலாம்.

முடிந்ததும் வழக்கம்போல ரூம் டோன் எடுத்தேன். ஆள் பேசாத வெறும் அறையின் ஒலி அது, எடிட்டிங்கில் இடைவெளிகளை நிரப்பத் தேவைப்படும். ஒரு நிமிஷம் யாரும் அசையக் கூடாது, சத்தமே வரக் கூடாது என்று சொல்லியிருந்தேன். பாதியில் பெரியவர் பேசிவிட்டார்.

“எங்க தம்பி சத்தம் இல்ல? எனக்கு தறி ஓடிக்கினே கீது.”

மார்கழியிலும் அப்பாவுக்கு ஃபேன் ஓட வேண்டும், இல்லாவிட்டால் காது இரைந்து தூக்கம் வராது என்று அவர் மகள் அதற்குப் பிறகுதான் சொன்னார். வெளிச்சத்தம் குறையக் குறைய உள்ளே ஓடும் இரைச்சல் ஓங்கிக் கேட்கும். ஊரெல்லாம் தேடி நான் பிடித்த அமைதி அவருக்குத்தான் ஆகவில்லை. அவரோ ஒரு வார்த்தை குறை சொல்லாமல் கடைசிக் கேள்வி வரை பதில் சொல்லி முடித்தார்.

ஃபேன் சத்தம் ஒரே சீராக ஓடுவது. மென்பொருளில் எளிதாக நீக்கக்கூடியது அந்த வகைச் சத்தம்தான். இது எனக்கு அன்றும் தெரியும். மைக்கைத் தள்ளி வைத்து, ஃபேனைச் சுவர்ப் பக்கம் திருப்பி, மெதுவாக ஓட விட்டிருக்கலாம். ஆனால் அப்படிச் செய்திருந்தால் ‘தறி ஓடிக்கினே கீது’ என்ற அந்த வரி நமக்குக் கிடைத்திருக்காது. படத்திலேயே அதுதான் உச்சம் என்கிறார் இயக்குநர். அதைக் கேட்கும்போது எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, கூச்சமாகவும் இருக்கிறது. பெரியவர் பட்ட அவஸ்தையில் கிடைத்த வரி இல்லையா?

அந்த இடத்தில் லேசாகத் தறி ஓசை சேர்க்கலாம் என்று இயக்குநர் இப்போது கேட்கிறார். அதற்கும் நான் முடியாது என்றுதான் சொல்லியிருக்கிறேன். பெரியவர் காதில் எது ஓடுகிறது என்று நமக்கு எப்படித் தெரியும்?

“உனக்கு எந்தச் சத்தமும் ஆகாதுய்யா,” என்றார் இயக்குநர். பேச்சு அதோடு நிற்கிறது.